பதினோரு நோட்டீஸ் இல்லீங்க, ஏழு

வாங்க தம்பி, வாங்க. செருப்ப அங்கயே வுடுங்க. இல்லீங்க, அந்தக் கோட்டுக்கு அக்கட்டால. ஆங், அதுதான். உக்காருங்க. சாந்தாமணி, மாடி வீடு பாக்கறதுக்கு ஒரு தம்பி வந்திருக்குது, மோர் கொண்டா.

வீட்டக் காட்டறனுங்க, அதுக்கென்ன, மாடி எங்கயும் ஓடிப் போயிராது. அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுப்போடறன், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க இந்த மேடையேறி மைக்கப் புடிச்சுட்டுக் காமெடி பேசற ஆளுங்களா? இல்லையா? நெசமாலுமே இல்லையா? சரி. இல்ல, பேசுனாலும் ஒண்ணுமில்லீங்க. முன்னாலயே தெரிஞ்சா நல்லதுன்னு கேட்டன்.

முன்னால இருந்த பையன் ஏன் காலி பண்ணுனான்னு முக்குல இருக்கற பேக்கரில உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே? "சென்னியப்பன் அந்தப் பையனோட பொழப்பையே புடுங்கிட்டாரு"ன்னு. சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியும். அதனால நடந்தத நானே சொல்லிப்போடறனுங்க. தகவல் கரெக்டா இருக்கோணும். முப்பத்தோரு வருசம் பம்புசெட் கம்பெனில டெஸ்டிங் செக்சன்ல இருந்தவன் நானு. சாக்பீஸ்ல ஒரு டிக் போட்டாப் பாஸு, பெருக்கல் குறி போட்டா ரிஜெக்ட்டு. நடுவுல ஒண்ணுமே கெடையாது.

அந்தப் பையன் பேரு அஜின். மார்த்தாண்டத்துக்காரன், இங்க ஐ.டி. கம்பெனில வேலை. தங்கமான பையனுங்க. ரெண்டு வருசம் இருந்தான். படியேறுனா சத்தம் வராது. ஏன்னா படியில நோட்டீஸ் ஒட்டியிருக்கறன். நீங்க வரும்போது பாத்திருப்பீங்க. "படியில் ஓடாதீர். படி ஓடுவதற்கு அல்ல." அது ஒண்ணு. மோட்டார் சுவிட்சுகிட்ட ஒண்ணு. கேட்டுகிட்ட ஒண்ணு, "கேட்டைச் சாத்தவும். சாத்தியபின் சாத்தியதா எனப் பார்க்கவும்." மொட்டைமாடில, "சொட்டும் துணியைக் காயப்போடாதீர்." இப்படி மொத்தம் ஏழு. ஏழு தானுங்க. இந்த எண்ணிக்கைய மனசுல வெச்சுக்குங்க.

போன ஆவணி மாசம். பேக்கரில டீ குடிச்சுட்டு இருக்கறன். எதுத்த வீட்டு அரங்கநாதன் இருக்காரு பாருங்க, அவரு, "ஏனுங்க சென்னியப்பன், நீங்க போன்ல வர்றீங்களே"ன்னாரு. நான் எங்கயும் போகலையேன்னன். போன நீட்டுனாரு. பாத்தா, நம்ம அஜின். கையில மைக்கு. பின்னால செங்கல் செவுரு. "எங்க ஹவுஸ் ஓனர்…"ன்னு ஆரம்பிக்கறான். நாலு நிமிசம் பத்து செகண்டுங்க. முழுசும் நான்தான்.

எனக்குக் கோபம் வரலீங்க. சத்தியமா வரல. அத்தனையும் தப்புத் தப்பா இருந்துச்சு, அதுதான் என்னால தாங்க முடியல. பதினோரு நோட்டீஸ்ங்கறான். அதுல பதினோராவது நோட்டீஸ் "இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்"னு இருக்குதாம், சனம் கெடந்து சிரிக்குது. அது ஏழாவதுங்க! அதுவும் வெளியாளுகளுக்கு ஒட்டுனது, சினிமா போஸ்டர்காரனுகளுக்கு. அப்புறம் ராத்திரி லேட்டா வந்தா நான் படிக்கடியில டார்ச் லைட்டோட நிக்கறனாம். டார்ச் இல்லீங்க. எமர்ஜென்சி லைட்டு. எங்க வீட்டுப் பல்லி கத்தறதுக்கு முன்னால எங்கிட்ட அனுமதி கேக்குமாம். எங்க வீட்டுல பல்லியே இல்லீங்க, இருந்ததே மூணு.

கடைசில ஒண்ணு சொன்னான். நான் கேட்டுச் சாவிய அரைஞாண் கயித்துல கட்டிட்டுத் தூங்கறனாம். தூக்கத்துல பொரண்டு படுத்தா கேட்டு தெறந்துக்குமாம்.

அங்கதானுங்க எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. கேட்டு தெறக்காது, அது பொய்யி. ஆனா சாவி கட்டியிருக்கறது நெசம். அது இவனுக்கு எப்படித் தெரியும்? என்ற அரைஞாண் கயித்துல என்ன இருக்குதுன்னு இந்த ஊருல எத்தன பேருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து சாந்தாமணியக் கேட்டன். "எனக்கென்ன தெரியும், அந்தப் பையன் எங்கயாச்சும் பாத்திருப்பான்"ன்னா. எங்க பாக்கறது? நான் என்ன வேட்டியக் கழட்டிப்போட்டுட்டா படியில நிக்கறன்? பருப்பு வேகுதான்னு பாக்கப் போயிட்டா.

விசாரிச்சன். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நாலரைக்கு, ஒரு சைக்கிள் கடைக்கு மேல இருக்கற காபிக்கடைல கூடறாங்களாம். ஓப்பன் மைக்குன்னு பேரு. யாரு வேணும்னாலும் பேர் குடுத்து அஞ்சு நிமிசம் பேசலாம். பேசி முடிச்சதும் ரெண்டு நிமிசம் உக்காந்திருக்கற சனம் கருத்துச் சொல்லோணும். ஒரு நல்லது, ஒரு குறை. மொதல்ல நல்லதச் சொல்லிப்போட்டுத்தான் குறையச் சொல்லோணும். அதுதான் அங்க சட்டம். எனக்கு அது நெம்பப் புடிச்சுதுங்க. சட்டம்னு ஒண்ணு இருக்குதே.

பைல் ஒண்ணு எடுத்தன். பதினாலு திருத்தம் எழுதுனன், நம்பர் போட்டு. சாந்தாமணி ஞாயித்துக்கெழமையானா பஜனைக்குப் போயிருவா, அதனால அவகிட்டச் சொல்லல. ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயி மொதல் வரிசைல உக்காந்தன். அங்க இருந்ததுலயே எனக்குத்தான் வயசு சாஸ்தி. மிருதுளான்னு ஒரு பொண்ணு, அதுதான் நடத்துது. "சார், நீங்க பேசறீங்களா?"ன்னு கேட்டுச்சு. "இல்லீங்க அம்மிணி, நான் திருத்தறதுக்கு வந்திருக்கறன்"னன். அதுக்கே அந்தப் பொண்ணு சிரிச்சுது. ஏன்னு தெரியல.

மொதல்ல ஒரு பல் டாக்டர் பேசுனாரு. வாயத் தெறக்கச் சொல்லிட்டு இவரே பேசிட்டு இருப்பாராம், அதப்பத்தி. கைய ஆட்டறாரு, குதிக்கறாரு. ஒருத்தரும் சிரிக்கல. கருத்துக் கேட்டாங்க, சட்டப்படி நான் கையத் தூக்குனன். "நல்லது என்னன்னா, மோட்டார் நல்லா ஓடுச்சுங்க. குறை என்னன்னா, தண்ணி வரல." அவ்வளவுதானுங்க சொன்னன். கூரை பிச்சுக்கற மாதிரி ஒரு சிரிப்பு. பல் டாக்டரே சிரிக்கறாரு. அடுத்து ஒரு பொண்ணு, பாங்கில வேலை. நடுவுல மறந்துபோயி அப்படியே நின்னுருச்சு. "நல்லது, வோல்டேஜ் இருக்குது. நடுவுல ஏர் லாக் ஆயிருச்சு, வேறொண்ணுமில்ல, சித்த தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணுனா ஓடும்"னன். அந்தப் பொண்ணு நெசமாவே ஒரு முழுங்கு தண்ணி குடிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சு முடிச்சுது. கை தட்டுனாங்க. நான் டெக்னிக்கலாத்தானுங்க சொன்னன்.

மூணாவது அஜின். மைக்கப் புடிச்சான், "எங்க ஹவுஸ் ஓ…" என்னயப் பாத்தான். அவ்வளவுதான். வாயி தெறந்தது தெறந்தபடி இருக்குது. அஞ்சு நிமிசமும் அப்படியே போச்சுங்க. நடுவுல ஒரே ஒருக்கா "வணக்கம் அங்கிள்"னான்.

கருத்துக் கேட்டாங்க. எந்திரிச்சன். "நல்லது, பையன் நேரத்துக்கு வந்துட்டான். குறை, இன்னைக்கு ஒண்ணும் பேசல, அதனால இன்னைக்குக் குறை இல்ல. ஆனா போனதடவை பேசுனதுல பதினாலு குறை இருக்குது"ன்னு பைலத் தெறந்தன்.

"ஒண்ணு. பதினோரு நோட்டீஸ் இல்லீங்க, ஏழு." சிரிப்பு. "ரெண்டு. அது டார்ச் அல்ல, எமர்ஜென்சி லைட்டு. நான் அதோட நிக்கறதில்ல, உக்கார ஸ்டூல் இருக்குது." சிரிப்பு. "மூணு. எங்க வீட்டுல பல்லி அனுமதி கேக்காது. மூணு பல்லி இருந்துச்சு. ரெண்டு போயிருச்சு." பின்னாலருந்து ஒருத்தன், "மீதி ஒண்ணு?"ன்னான். "அது நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாலருந்தே இருக்குதுங்க, அத ஒண்ணும் சொல்றதுக்கில்ல"ன்னன். ஒரு பையன் நாற்காலிலருந்தே வழுந்துட்டானுங்க.

அஜின் எவ்வளவு தப்பா சொல்லியிருக்கறான்னு தெரிஞ்சதும் சனத்துக்குச் சிரிப்புத் தாங்கல. பாவம், பையன் மேடைல நிக்கறான். அவமானமா இருந்திருக்கும். ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க.

"பதினாலு. சாவி அரைஞாண் கயித்துல கட்டியிருக்கறது உண்மை. பொரண்டு படுத்தா கேட்டு தெறக்காது. குத்தும். அவ்வளவுதான்."

அப்பத்தானுங்க அந்தச் சத்தம் கேட்டுச்சு. தும்மலா சிரிப்பான்னு தெரியாத மாதிரி, மூக்கால வர்ற ஒரு சிரிப்பு. எனக்குத் தெரிஞ்ச மூக்கு. திரும்பிப் பாத்தன். கடைசி வரிசைல, தூணுக்குப் பக்கத்துல, பஜனைக்குக் கட்டிட்டுப் போற அரக்குச் சேலை. சாந்தாமணி. கண்ணுல தண்ணி ஊத்துது, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு, தோளு குலுங்குது. கல்யாணம் ஆயி முப்பத்தஞ்சு வருசத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. தூரத்துலருந்து பாத்தா வேற யாரோ மாதிரி இருந்தா. நல்லா இருந்தா.

ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து வந்தா. சிக்னல்ல நின்னப்பக் கேட்டன், "பஜனைன்னு சொன்னே?"

"அங்கயும் கைதான் தட்டறாங்க, இங்கயும் கைதான் தட்டறாங்க"ன்னா.

"எத்தன நாளா?"

"அஞ்சு மாசமா. அந்தப் பையன்தான் கூட்டிட்டுப் போச்சு."

"சாவியப் பத்திச் சொன்னது நீதானா?"

"ஆமாங்க."

"ஏஞ்சொன்னே?"

சிக்னல் விழுந்துருச்சு, பின்னால ஆரன் அடிக்கறானுக. அவ சொல்றா: "உங்ககிட்டச் சொன்னா நோட்டீஸ் ஒட்டுவீங்க. அங்க சொன்னா சிரிக்கறாங்க."

அதுக்கு என்னங்க அர்த்தம்? இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. சாவியப் பத்தி நான் நோட்டீஸே ஒட்டலையே.

அடுத்த நாள் காலைல அஜின் கீழ வந்தான். மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி. "மன்னிச்சிருங்க அங்கிள். நான் வீட்டக் காலி பண்ணுகேன்." நான் உட்டனா? "காலி எதுக்கப்பா? திருத்து"ன்னன். ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் மொட்டைமாடில உக்காந்து ரெண்டு பேரும் வரி வரியாச் சரிபாத்தோம். தப்பு இருந்தா பெருக்கல் குறி. சரியா இருந்தா டிக். கடைசில நூத்துக்கு நூறு சுத்தமான அஞ்சு நிமிசம். இப்படி இருந்துச்சு: "எங்க ஹவுஸ் ஓனர் ஏழு நோட்டீஸ் ஒட்டியிருக்கார். ஏழும் நியாயமானவை." பாத்தீங்களா? எவ்வளவு தெளிவு!

மேடைல சொன்னான். ஒரு ஈ காக்கா சிரிக்கல. காபி மெசினு ஓடற சத்தம் மட்டும் கேக்குது. கருத்துக் கேட்டா, அந்தப் பல் டாக்டர் எந்திரிச்சு, "மோட்டாரே ஓடல"ங்கறாரு. என்ற வார்த்தைய எடுத்து இவன்மேலயே போடறாரு! எனக்குப் பொறுக்கல. பையன் சொன்னது எல்லாமே சரிங்கன்னு விளக்கறதுக்கு எந்திரிச்சு மைக்க வாங்குனன். கேட்ட எதுக்கு ரெண்டுவாட்டிப் பாக்கோணும், ஒருக்கா சாத்தாம உட்டதுல மாடு ஒண்ணு படியேறி மாடி வரைக்கும் போயி, அதுக்கு எறங்கத் தெரியாம ஒண்ணரை நாள் எங்க மொட்டைமாடில குடியிருந்தது, அப்புறம்தான் அந்த நோட்டீஸு, மாட்டுக்காரரு வந்து அதயப் படிச்சுப் பாத்துட்டு "மாட்டுக்குப் படிக்கத் தெரியாதுங்களே"ன்னது, எல்லாத்தயும் பொறுமையா விளக்குனன். சனம் வயித்தப் புடிச்சுட்டு உருளுது.

மிருதுளா அன்னைக்கே சொல்லிருச்சு. "அங்கிள், அடுத்த வாரத்துலருந்து உங்களுக்குத் தனியா அஞ்சு நிமிசம்."

நானாக் கேக்கலீங்க. அவங்களாக் குடுத்தாங்க. இத பேக்கரில யாரும் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் வாரா வாரம் போனோம். நான், சாந்தாமணி, அஜின். நான் விளக்கம் குடுப்பன், எனக்கப்புறம் அஜின் பேசுவான். அவனுக்குச் சிரிப்பு கொஞ்சம் கம்மியாத்தான் வந்துச்சு. வேற விசயம் பேசிப் பாத்தான், பஸ்ஸு, ஆபீசு, எதெதோ. கருத்துச் சொல்ற சனம், "அஜின், ஹவுஸ் ஓனர் ஜோக் நல்லா இருந்துச்சே, அத ஏன் உட்டுட்டீங்க?"ங்கும். அவன் என்னயப் பாப்பான். நான் கட்டைவெரலத் தூக்கிக் காட்டுவன். தைரியம் குடுக்கோணும் பாருங்க.

மார்கழில அந்த ஓப்பன் மைக்குச் சங்கத்துக்கு ரெண்டாம் ஆண்டு விழா. ஒரு மண்டபத்துல மினி ஹால் புடிச்சு, எரநூறு பேரு, ஞாயித்துக்கெழமை காலைல பதினோரு மணிக்கு. ஆறு பேருக்குத்தான் எடம். அஞ்சு பேரு முடிவாயிருச்சு. ஆறாவது நானா அஜினான்னு பேச்சு. அஜின் அதுக்கு ரெண்டு வருசமாக் காத்துட்டு இருந்தானாமா. மார்த்தாண்டத்துலருந்து அவங்கம்மாவ வரச்சொல்லி ரயிலுக்குக்கூட பதிவு பண்ணியிருந்தானாமா. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்னைக்கு மிருதுளா கேட்டப்ப அவனே சொன்னான், "அங்கிள் பேசட்டும். நான் பெறவு பாத்துக்கிடுகேன்." சந்தோசமாத்தானுங்க சொன்னான். மூஞ்சி மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. மத்தியானம் திங்கற பரோட்டா சேராம இருக்கும்னு நெனச்சுட்டன்.

இப்ப எரநூறு பேரு முன்னால புதுசா ஏதாச்சும் சொல்லோணுமே? நோட்டீஸு, மாடு எல்லாம் சொல்லியாச்சு. அப்பத்தான் ஒண்ணு நாபகம் வந்துச்சு. மாடில தண்ணி டேங்கு பாக்கப் போவன்ல? போறப்ப அஜின் ரூம்பு சன்னல் தெறந்திருக்கும். பீரோக் கண்ணாடி முன்னால நிப்பானுங்க. கையில ஷாம்பு பாட்டிலு, அதுதான் மைக்கு. ஒரு ஜோக்குச் சொல்லுவான். நிறுத்துவான். அப்புறம் அவனே "ஹஹஹா"ன்னு நூறு பேரு சிரிக்கற மாதிரி சிரிப்பான். அவனே விசிலடிப்பான். "தேங்க்யூ கோயமுத்தூர்"ம்பான். அதோட உட்டானா? கட்டில்ல போயி உக்காந்துக்கிட்டு, வேற கொரல்ல, "அஜின், நல்லது என்னன்னா…"ன்னு அவனுக்கு அவனே கருத்துச் சொல்லுவான்!

சாந்தாமணிகிட்டச் சொன்னன், இதத்தான் பேசப்போறன்னு. "அந்தக் கண்ணாடிச் சமாச்சாரம் மட்டும் வேண்டாங்க"ன்னா.

"ஏன், தகவல் தப்பா?"

"சரியாயிருந்தாச் சொல்லிப்போடறதா?"

இது என்னங்க கேள்வி? சரியா இருக்கறதச் சொல்லாம வேற எதச் சொல்றது?

சொன்னன். நடிச்சே காட்டுனன். தண்ணி பாட்டிலப் புடிச்சுக்கிட்டு, பேசறதும் அவனே, சிரிக்கறதும் அவனே, கைதட்டறதும் அவனேன்னு. தம்பி, அந்த மாதிரி ஒரு சத்தத்த நான் கேட்டதில்லீங்க. நூறு பம்பு ஒண்ணா ஓடுன மாதிரி. எல்லாரும் எந்திரிச்சு நின்னு தட்டறாங்க. சாந்தாமணி மட்டும் உக்காந்திருந்தா. முட்டி வலி அவளுக்கு. மூணாவது வரிசைல ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு. அஜின் அங்கதான் உக்காந்திருந்தான், எப்ப எந்திரிச்சுப் போனான்னு கவனிக்கல.

மக்கா நாள் காலைல, அதான் விழாவுக்கு மறுநா, அஜினப் படியில வெச்சுப் பாத்தன். பெட்டியோட எறங்கறான். "எங்கப்பா?"

"பீளமேட்டுல சிநேகிதன் ரூம்புக்குப் போறேன் அங்கிள். சாமான் பெறவு எடுத்துக்கிடுகேன்."

"நேத்து எப்படி இருந்துச்சு? கருத்தே சொல்லலையே நீயி?"

பெட்டியப் படியில வெச்சான். "நல்லது ஒண்ணு அங்கிள், டைமிங். ஒரு செகண்டுகூடத் தப்பல."

"குறை?"

"குறை, நான் மூணாவது வரிசைல இருந்தேன்."

சொல்லிட்டு எறங்கிப் போயிட்டான். கேட்ட சாத்திட்டு, சாத்தியிருக்குதான்னு ஒருக்காப் பாத்துட்டுத்தான் போனான்.

எனக்கு வெளங்கல. மூணாவது வரிசை நல்ல வரிசைதானுங்களே, ஸ்பீக்கருக்கு நேரா. குறைன்னா அது நாற்காலி போட்டவங்க குறை, நான் என்ன பண்ணுவன்? சாந்தாமணிகிட்டயும் இதயே சொன்னன். அவ என்னய ஒரு பார்வை பாத்துட்டு மோர்க் கரண்டிய டொக்குனு வெச்சா.

அந்த வாரத்துலருந்து அவ நெசமாலுமே பஜனைக்குப் போக ஆரம்பிச்சுட்டாளுங்க.

நான் மட்டும் தனியாப் போனன் காபிக்கடைக்கு. பின் சீட்டுல ஆளில்லாம ஸ்கூட்டர் ஒரு பக்கமா இழுக்கற மாதிரியே இருந்துச்சு. மேடைல ஏறி, மாடி காலியா இருக்கறதப் பத்திப் பேசுனன். டேங்கு பாக்கப் போனா சன்னல் சாத்தியிருக்குது, ரெண்டு தடவை எதுக்கோ போயிப் பாத்தன், டேங்கு நெறைஞ்சுதான் இருந்துச்சு, அப்புறம் சும்மா எறங்கி வந்தன், இப்படி நடந்ததச் சொன்னன். ஒருத்தர் சிரிக்கல. மிருதுளா கருத்துக் கேட்டுச்சு. அந்த ஏர் லாக் ஆன பாங்குப் பொண்ணுதான் எந்திரிச்சுது. "நல்லது அங்கிள், உண்மையாப் பேசுனீங்க. குறை… குறை ஒண்ணுமில்லீங்க அங்கிள். அவரப் போயிப் பாருங்க."

சரின்னு ஒரு பேப்பர எடுத்தன். "திருத்தம்"னு தலைப்புப் போட்டன். நான் விழாவுல பேசுனதுல இருந்த தப்புக. "ஒன்று. வாரம் மூன்று நாள் கண்ணாடி முன் பேசுவதாகக் கூறினேன். இரண்டு நாள்தான். இரண்டு. ஷாம்பு பாட்டில் எனக் கூறினேன். எண்ணெய் பாட்டிலாகவும் இருக்கலாம். சன்னல் வழியே சரியாகத் தெரியவில்லை." ரெண்டுதான் இருந்துச்சு. பேப்பர்ல இன்னும் எடம் கெடந்துச்சு. மூணாவதா ஒண்ணு எழுதுனன். "மூன்று. இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இது தகவல் பிழை அல்ல. இருந்தாலும் பிழை."

அது எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க. எடம் இருந்துச்சு, எழுதிப்போட்டன்.

சனிக்கெழமை காலைல பீளமேட்டுக்குப் போனன். ஒரே ரூம்புல நாலு பசங்க. செருப்பு வாசல்ல நாலா பக்கமும் கெடக்குது, சொட்டச் சொட்டத் துணி காயுது, செவுத்துல ஒரு நோட்டீஸ் கெடையாது. எப்படித்தான் இருக்கறானுகளோ. அஜின் என்னயப் பாத்ததும் பிளாஸ்டிக் சேர எடுத்துப் போட்டான். பேப்பர நீட்டுனன். படிச்சான். மூணாவதுகிட்ட வந்ததும் நெம்ப நேரம் நின்னுட்டான். ரெண்டு வரிதானுங்க அது, அவ்வளவு நேரம் படிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

"அங்கிள், இத நான் வெச்சுக்கிடட்டா?"

"ஒரிஜினல் நீயே வெச்சுக்க. எங்கிட்ட நகல் இருக்குது."

அவன் சிரிச்சுட்டான். மூணு வாரத்துல அன்னைக்குத்தான். "அப்பறம் என்ன, திரும்பி வந்துரு"ன்னன். "இல்ல அங்கிள். உங்களக் கொஞ்சம் தூரத்துல இருந்து பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது. ஞாயித்துக்கெழம வாருங்க. ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாருங்க"ன்னான்.

போனோமுங்க. சாந்தாமணி பஜனைய உட்டுட்டு வந்தா. அஜினோட அம்மாவும் மார்த்தாண்டத்துலருந்து வந்து மொதல் வரிசைல உக்காந்திருந்தாங்க. அஜின் மேடைல ஏறுனான். என்னயப் பாத்தான். இந்தத் தடவை வாயி அடைக்கல. "எங்க பழைய ஹவுஸ் ஓனர் எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தாரு"ன்னு ஆரம்பிச்சான். "எழுத்து மூலமா"ன்னான். அப்பப் புடிச்ச சிரிப்புங்க, அஞ்சு நிமிசம் நிக்கவே இல்ல. மூணாவது பாயிண்ட அப்படியே படிச்சான். அதுக்கு மட்டும் யாரும் சிரிக்கல. அப்புறம் "நகல் அங்கிள்கிட்ட இருக்குது"ன்னான் பாருங்க, அவங்கம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைக்கறாங்க.

ஆனா தம்பி, எண்ணுனனுங்க. ஒம்போது தப்பு! பேப்பர நான் அவங்க ரூம்புக் கதவுல பசை போட்டு ஒட்டுனன்ங்கறான். கையிலதானுங்க குடுத்தன். அவங்க செருப்பயெல்லாம் நான் வரிசையா அடுக்குனனாம். ரெண்டு ஜோடிதான் அடுக்குனன். அதுக்கு மேல, நான் அவன் கையப் புடிச்சுக்கிட்டு அழுதன்னு வேற சொன்னான்.

மிருதுளா கருத்துக் கேட்டுச்சு. எல்லாரும் என்னயவே திரும்பிப் பாக்கறாங்க. கை தானாத் தூக்குது. பக்கத்துல சாந்தாமணி சும்மா என்ற பக்கம் ஒருக்காத் திரும்புனா, அவ்வளவுதான். தூக்குன கையில அப்படியே தலையச் சொறிஞ்சுட்டு எறக்கிட்டனுங்க. ஒம்போதும் இன்னைக்கு வரைக்கும் திருத்தாமயே ஊருக்குள்ள சுத்திட்டு இருக்குது.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? நெசமா அழுதனான்னா? அட, அதெல்லாம் இல்லீங்க. கண்ணுல ஒரு ஈரம் தட்டுச்சு, அதுக்குப் பேரு அழுகையா? முப்பத்தோரு வருசம் லீக் டெஸ்ட் பாத்தவன் சொல்றன், கேட்டுக்குங்க. கசிவு வேற, ஒழுக்கு வேற. ஓரத்துல ஈரம் தட்டுனா அது கசிவு, ஒரு துணிய வெச்சுத் தொடைச்சுட்டுப் பாஸ் போட்டுருவோம். கீழ சொட்டுனாத்தான் ரிஜெக்ட்டு.

என்னுது கசிவுதானுங்க. சொட்டல.